காடி தப்பிய பெல்ட்

"கேக்குதுங்களாண்ணா?" என்று சுகந்தி கேட்டதும் சென்னியப்பன் "ம்" என்றார். கேட்கவில்லை. தூக்கி வைத்த பானெட்டுக்கு அடியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியேட்டர் விசிறியின் காற்று சட்டைப் பொத்தான்களுக்கு இடையில் புகுந்து வயிற்றில் சூடாக அடித்தது, எஞ்சினின் அடிமூச்சு காலடி மண்வரைக்கும் இறங்கி உள்ளங்காலில் தெரிந்தது, ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்குப் போகிற லாரிகள் பின்னால் உறுமிக்கொண்டு கடந்தன, எல்லாம் இருந்தது, அவள் சொன்ன சத்தம் மட்டும் இல்லை. எலிக்குஞ்சு கத்துவது மாதிரி என்று சொன்னாள். சிக்னலில் நின்றால் பக்கத்து ஸ்கூட்டர்காரன் குனிந்து தன் சக்கரத்தைப் பார்க்கிறான் என்று சொன்னாள். போன மாதம் நீங்கள் டைனமோ வேலை பார்த்துக் கொடுத்ததிலிருந்துதான் என்றும் சொன்னாள், அதைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் மென்மையாக்கிக்கொண்டாள், மரியாதை தெரிந்த பெண், பதினோரு மணிக்குள் ஆபீஸுக்குப் போகவேண்டும் என்று பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வண்டி இப்போது கத்தவில்லை, அதுதான் விஷயம், வொர்க்‌ஷாப்புக்குள் வந்ததும் வண்டிகள் வாயை மூடிக்கொள்ளும், டாக்டரைப் பார்த்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடுகிற மாதிரி, எத்தனை பார்த்திருக்கிறோம். "இப்ப இல்லீங்களே அம்மணி, ஓடுறப்பத்தான் வரும்போல" என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருப்பார். அதற்குள் ஷெட்டின் அந்த ஓரத்தில் பிரேக் கழற்றிக்கொண்டிருந்த அபுதாகிர் தலையைத் தூக்கினான். பல்லில் மணல் கடிபட்டவன் மாதிரி முகம் சுருங்க இந்தப் பக்கம் பார்த்தான். காரைப் பார்த்தான், பெல்ட் இருக்கிற பக்கத்தைப் பார்த்தான், அப்புறம் அவரைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து, கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. சத்தம் இருக்கிறது. இப்போதே இங்கேயே வந்துகொண்டிருக்கிறது, இரண்டடி தூரத்தில், தன் முகத்துக்கு நேராக, அபுவுக்குக் கேட்கிறது, இந்தப் பெண்ணுக்குக் கேட்கிறது, எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்கூட டம்ளரைப் பிடித்தபடி இங்கேதான் பார்க்கிறான். "கொஞ்சம் ரேஸ் குடுங்க அம்மணி" என்றார். அவள் உள்ளே ஏறி மிதித்தாள். எஞ்சின் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவளுடைய புருவம் கண்ணாடிக்கு அப்பால் சுளித்தது. அவருக்கு வெறும் உறுமல். நல்ல ஆரோக்கியமான உறுமல்.

நீளமான ஸ்குரு டிரைவரை எடுத்தார். முனையை டைனமோ உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். இது பழக்கம், மருதாசலம் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்த வயதிலிருந்து வந்த பழக்கம், இதைச் செய்யும்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்தி வந்துவிடும், சத்தமில்லாமல் நிற்பார்கள். எலும்பு வழியாக உள்ளே ஒரு ரீங்காரம் வந்தது, கனமான சீரான ரீங்காரம், பேரிங் சுத்தம், அரைப்பு இல்லை, தட்டல் இல்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரில் வைத்தார், அதுவும் சுத்தம். ஆக கனத்த சத்தம் கேட்கிறது. கேட்காது என்று யார் சொன்னது. மேலே இருக்கிற சத்தம்தான், கூரான சத்தம்தான், ஊசி மாதிரியானது மட்டும்தான் எங்கேயோ போய்விட்டது. எப்போது போனது? ரோட்டில் போகிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே இன்ன வண்டி, இன்ன கோளாறு என்று சொன்னவர், பந்தயம் கட்டி டீ குடித்தவர், பவானியிலிருந்தும் காங்கயத்திலிருந்தும் அந்தக் காதுக்காகவே ஆள் வந்தார்கள், சென்னியப்பன் காது வைத்தால் போதும் என்று. காதுக்காகத்தானே தறியை விட்டு ஓடிவந்தது. பள்ளிபாளையத்தில் அந்தத் தறிக்கூடம், வரிசையாக விசைத்தறிகள், ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது, நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நாடா அடிக்கிற மாதிரி இருக்கும். அதற்குள்தான் அம்மாவும் மற்ற பெண்களும் நாளெல்லாம் பேசினார்கள், சத்தமே இல்லாமல், வெறும் உதட்டால். ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் இடையில் ஊர் வம்பெல்லாம் உதட்டில் ஓடும், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், "டேய், சோறு தூக்குல இருக்கு, தின்னுட்டுப் போ" என்று அம்மா அந்தக் கோடியிலிருந்து உதட்டை அசைப்பாள், இவருக்குப் புரிந்துவிடும், நடக்கப் பழகின மாதிரி தானாகப் பழகினது. தறியில் காது போன அப்பாவுக்கு அதுவும் ஒரு கட்டத்தில் கைகொடுக்கவில்லை, கண்ணில் புரை விழுந்ததும் உதடும் போய்விட்டது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் அப்பாவிடம் ஒரு முழு வாக்கியம் பேசினதில்லை. "சோறு." "மாத்திரை." "எந்திரி." அவ்வளவுதான். தங்கையின் கல்யாணம் பேசி முடித்ததே அப்பாவுக்கு வெற்றிலைத்தட்டு வந்து மடியில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். யார் மாப்பிள்ளை, எந்த ஊர் என்று கூட்டத்துக்கு நடுவில் உரக்கக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் பொறுக்காமல் போனது, என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிக்கிற அந்தச் சிரிப்பு. இந்தக் கூடத்தில் இருந்தால் நமக்கும் இதுதான் என்று ஆற்றைத் தாண்டி ஓடிவந்து வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். எஞ்சின்கள் என்ன தாலாட்டா பாடின? தகரம் தட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை வருஷம், சைலன்சர் இல்லாத லாரிகளுக்கு அடியில் எத்தனை மதியம். ஓடிவந்தவன் இன்னொரு தறிக்கூடத்துக்குள்தான் வந்து விழுந்திருக்கிறான், கூலி வேறு, சத்தம் அதேதான்.

"என்னுங்கண்ணா, பேரிங்கா?" என்று சுகந்தி தலையை வெளியே நீட்டிக் கேட்டாள். உதடு தெரிந்தது, அதனால் கேட்டது. ஆமாம், அப்படித்தான் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. ஆளுக்கு உதடு இருக்கிறவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொரோனா சமயத்தில் எல்லாரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தபோது ஒருத்தன் பேசுவதும் விளங்காமல், "துணியக் கழட்டிட்டுப் பேசுங்கப்பா, முணுமுணுன்னா என்ன எழவு புரியும்" என்று எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. அபுவுக்கு அப்போது எல்லாம் புரிந்தது. துணிக்குள்ளிருந்து ஆள் என்ன சொன்னான் என்பதை அவன்தான் திருப்பி அவரிடம் சொன்னான், முகத்தைக் காட்டி. அப்படியானால் அப்போதே. போனில் "டவர் இல்ல, டவர் இல்ல, அப்புறம் கூப்புடு" என்று வைத்துவிட்டதெல்லாம்? டவர் இருந்திருக்கும். ருக்குமணி எதையாவது சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பிப் போவாள், என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள், வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள், வயதானதும் பெண்டாட்டிகளுக்கு வருகிற திமிர் என்றுதான் நினைத்தார். "கேக்காத மாதிரியே இருங்க, உங்களுக்கு அது சௌகரியம்" என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கும் தெரியவில்லை. பாசாங்கு என்று நினைக்கிறாள். பேரிங் இல்லை என்று கையசைத்தார். "தண்ணி பாட்டில் இருக்குங்களா?" என்றார். அவள் தேடிக் கொடுத்தாள். மூடியைத் திருகும்போது கை நின்றது. தண்ணீர். அன்றைக்கும் வீட்டில் அடுப்படிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சுபாஷினி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்த நாமக்கல்லிலிருந்து தனியாக வந்திருந்தாள், மாப்பிள்ளை வரவில்லை, ஒரே ஒரு பை. இவர் நிலைக்கதவில் சாய்ந்து கடலை தின்றுகொண்டு நின்றார். அவள் முதுகைக் காட்டியபடி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நீளமாக, அவள் வழக்கமாகப் பேசுகிறதைவிட நீளமாக. பின்னலும் தோளும்தான் தெரிந்தன. பேச்சின் கடைசியில் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தார், ஏதோ மாமியார் வீட்டுக் கூத்து. இவரும் சிரித்தார். "அதெல்லாம் அப்படித்தான் சாமி, போகப் போகப் படிஞ்சிரும்" என்று சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்தார். வெங்காயம் நறுக்கவில்லை. அரிசிதான் கழுவினாள். அரிசிக்கு யார் கண் சிவக்கும். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, அன்றிலிருந்து ருக்குமணி தட்டை வைக்கிற சத்தம்தான் பேச்சு, பெண்களுக்குள் ஏதோ பூசல், தானாகத் தணியும் என்று இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாள்? குழாய் ஓடியது, அரிசி சலசலத்தது, அதற்கு மேல் அவள் குரல் ஏறி இறங்கியது, சொற்கள் எங்கே? குரல் இருக்கிறது, இப்போதுகூட ஞாபகத்தில் இருக்கிறது, அந்த ஏற்றமும் இறக்கமும், அதில் 'அப்பா' என்று இரண்டு மூன்று தரம் வந்தது, மீதி எல்லாம் களிமண். படிஞ்சிரும். இந்தப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னோம், போன மாதம் வண்டியை எடுக்க வந்தபோது சின்னதாக ஒரு சத்தம் வருகிறதே என்றாள், புது பெல்ட்டுங்க அம்மணி, போகப் போகப் படிஞ்சிரும். கேட்காததற்கெல்லாம் அந்த ஒரு பதிலைத்தான் எடுத்து நீட்டியிருக்கிறோம்.

"அண்ணா, ஊத்துறீங்களா?" ஊற்றினார். பாட்டிலைச் சாய்த்து, ஓடுகிற பெல்ட்டின் பள்ளக்கோடாகக் காடி விழுந்த உள்பக்கத்தில் மெல்லிய தாரையாக. பெல்ட் தண்ணீரை வாரியடித்து அவர் முழங்கையிலும் மீசையிலும் தெளித்தது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு. சத்தம் நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லிச் சக்கரம் கோணல், பெல்ட் நேராக ஓடவில்லை. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம், காது இருந்தால் போதும். அவர் பெல்ட்டைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார். சுளித்திருந்த புருவம் விரிந்தது. உதடு லேசாகத் திறந்தது. "அட" என்றாள். நின்றிருக்கிறது. அவர் மூச்சை விடாமல் பார்த்தார், அடுத்தவள் முகத்தை இப்படி உற்றுப் பார்ப்பதற்கு வேறு சமயமாக இருந்தால் செருப்படி விழும். விரிந்த புருவம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அப்புறம் ஒரு மூலையில் நடுங்கியது, மறுபடி சுளித்துக்கொண்டது. வந்துவிட்டது. "நின்னுட்டுத் திரும்ப வந்துருச்சுங்களே" என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே "கோணலா ஓடுதுங்க அம்மணி, வண்டிய நிறுத்துங்க" என்றார். குரலில் பழைய மிடுக்கு இருந்தது. அவள் முகத்தில் அந்தப் பழைய பக்தியும் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வாயெல்லாம் கசந்தது, அடுத்தவன் எச்சிலை விழுங்கின மாதிரி. அவள் காதைத் திருடி அவளுக்கே வைத்தியம் சொல்கிறோம். இன்றைக்குச் சரி, இவள் முகம் திறந்த முகம், எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது. நாளைக்குக் கல்முகத்தோடு ஒருத்தன் வருவான், வண்டியை விட்டுவிட்டுப் போய்விடுவான், சாயங்காலம் வந்து எடுக்கிறேன் என்பான், அப்போது யார் முகத்தைப் பார்ப்பது? அபு முகத்தையா? எஞ்சின் நின்றதும் அந்த அமைதி வந்தது, லாரி இரைச்சல் தூரத்துக்குப் போனது, முன்பெல்லாம் எஞ்சின் நின்றால் சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்குவது கேட்கும், குருவி கேட்கும். இப்போது எதுவுமில்லை. குருவி போனது எப்போது? குருவிகளே இல்லாமல் போய்விட்டன என்று பேப்பரில் போட்டிருந்தான், அதுதான் காரணம் என்று இருந்துவிட்டார்.

டார்ச்சை அடித்துக் குனிந்தார். இனிக் காது வேண்டாம், கண்ணும் விரலும் போதும். பெல்ட்டின் ஓரத்தைத் தடவினார், ஒரு பக்கம் நூல் பிரிந்து விரலில் மீசைமாதிரி உரசியது. புது பெல்ட் ஒரு மாதத்தில் நூல் பிரியாது. புல்லிக்குக் கீழே கறுப்பாக ரப்பர் பொடி, திருநீறு கொட்டின மாதிரி படிந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டின் வழியைப் பார்த்தார், கீழ்ப் புல்லியிலிருந்து நேராக ஏறி, டென்ஷனரில் திரும்பி, டைனமோ புல்லிக்கு வரும்போது, அங்கே. ஒரு காடி. ஒரே ஒரு காடி வெளியே தள்ளி உட்கார்ந்திருந்தது. புல்லியின் உள்பக்கத்துக் கடைசிக் காடி காலியாக, பளபளவென்று கிடந்தது. பெல்ட்டின் ஒரு வரி புல்லியின் விளிம்புக்கு மேலே, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் மாதிரி. மாட்டினவன் அவசரத்தில் ஒரு காடி தப்பி மாட்டியிருக்கிறான். மாட்டினவன் யார் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு அபு ஊரிலேயே இல்லை, பெரியம்மா மவுத்து, அடக்கத்துக்கு என்று கரூர் போயிருந்தான். தப்பி மாட்டுவது பெரிய விஷயமில்லை, எவனுக்கும் நடக்கும், அதற்காகத்தான் மாட்டினதும் ஸ்டார்ட் பண்ணிக் கேட்பது. கேட்டாரே! ஸ்டார்ட் பண்ணி, கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்று கேட்டாரே! பூனை மாதிரி ஓடுது என்று சாவியைக் கொடுத்தாரே! அது அப்போது அவர் முகத்துக்கு நேராக வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. டீக்கடைக்காரனுக்குக் கேட்டிருக்கும். கத்துகிற வண்டிக்கு முன்னால் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு ஒரு மனுஷன் நிற்பதை இந்த ரோடே பார்த்திருக்கும். காது மடல் இரண்டும் கொதித்தன, அதற்கு மட்டும் குறைச்சலில்லை.

"என்னவாம்ணா?" சுகந்தி இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். சென்னியப்பன் நிமிரவில்லை. பெல்ட் மட்டமான சரக்கு என்று சொல்லலாம். பெல்ட்காரன் வந்து கேட்கப்போகிறானா. எலி கடித்தது என்று சொல்லலாம். "அது வந்துங்க…" என்று ஆரம்பிக்கும்போதே தோளுக்குப் பின்னாலிருந்து அபுவின் நிழல் எஞ்சின்மேல் விழுந்தது. எப்போது வந்தான் என்று தெரியவில்லை. குனிந்து ஒரு பார்வை பார்த்தான், அவனுக்கு ஒரு பார்வை போதும். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, தலையைச் சொறிந்துகொண்டு, "தப்பு என்னுதுங்கக்கா. அன்னைக்கு அவசரத்துல நான்தான் ஒரு காடி தள்ளி மாட்டிட்டேன். அண்ணன்கிட்டக் காட்டாமயே விட்டுட்டேன்" என்றான். நன்றாகச் சொன்னான். முன்கூட்டியே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவன் மாதிரி. சுகந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னுங்க நீங்க, நடுரோட்டுல பெல்ட் அறுந்து நின்னிருந்தா என்ன பண்றது? பொம்பள தனியா வண்டி ஓட்டிட்டுப் போறேன். அண்ணன் பேரைக் கெடுக்கறதுக்குன்னே இருக்கீங்களா?" என்றாள். அபு "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். சென்னியப்பன் இரண்டு பேர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லலாம். அவன் இல்லை, நான்தான் என்று நாலு சொல். நாக்கு எழும்பவில்லை. அவள் பொரிந்து கொட்டுவது ஒவ்வொன்றும் அவர்மேல்தான் விழுந்தது, அபுமேல் பட்டு வழிந்து இவர் காலடிக்குத்தான் வந்தது. அதைவிட அவனுடைய அந்தச் சிரிப்பு. இவனுக்கு என்மேல் இரக்கம். எனக்குச் சோறு போடுகிறவன் என்று இவன் நினைத்த காலம் போய், பாவம் கிழவன் என்று நினைக்கிற காலம் வந்துவிட்டது. அறைந்திருக்கலாம். நீ யாருடா எனக்காகத் தப்பை ஏத்துக்க என்று கேட்டிருக்கலாம். "சரி, புது பெல்ட் எடுடா" என்று மட்டும் சொன்னார். அபு எடுத்துவந்தான். டென்ஷனரை அவன் இழுத்துப் பிடிக்க, இவர் பெல்ட்டைக் காடி காடியாக விரலால் தடவி உட்காரவைத்தார், ஒன்றுக்கு இரண்டு தரம், மூன்று தரம், ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவள் முகம் அப்படியே விரிந்தது, குளத்தில் காற்று நின்ற மாதிரி. "சுத்தமா இல்லீங்க! நன்றிங்கண்ணா" என்றாள். பெல்ட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார், வேலைக்கு வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "இனிமேலாச்சும் எல்லாத்தையும் நீங்களே ஒரு தடவ கேட்டுட்டுக் குடுங்கண்ணா, ஆளுங்கள நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வண்டி லாரிகளுக்குள் கலந்து மறைகிறவரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அபு தன் பிரேக் வேலைக்குத் திரும்பப் போனான். "டேய்" என்றார். திரும்பினான், முழுசாக, முகம் அவருக்கு நேராக இருக்கும்படி. அப்படித்தான் எப்போதும் திரும்புகிறான் என்பது இப்போதுதான் உறைத்தது. பல காலமாக அவன் பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டதே இல்லை, முன்னால் சுற்றி வந்து நின்றுதான் பேசுகிறான். "எப்பருந்துடா தெரியும்?" என்ன என்று கேட்பான் என்று எதிர்பார்த்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை. "போன நோம்புக்கு முந்தியே தெரியும்ணா" என்றான். "சொல்லியிருக்கலாமில்ல?" "எப்படிண்ணா சொல்றது." அந்த நோன்பிலிருந்து எத்தனை வண்டிகள் இந்த ஷெட்டை விட்டுப் போயிருக்கும், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இவன் எத்தனை முறை "ஒரு ரவுண்ட் அடிச்சுப் பாத்துட்டு வந்தர்றேண்ணா" என்று எடுத்துக்கொண்டு போனான், டீ குடிக்கப் போகிறான், ஓபி அடிக்கிறான் என்று திட்டினோமே. அன்றைக்கு ஒரு நாள் அவன் கரூரில் இருந்தான், அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டோம். வேலை இப்படி, வீடு எப்படி. வீட்டில் ரவுண்ட் அடித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ருக்குமணியைக் கூப்பிட்டார். எடுத்துவிட்டாள் என்பது தெரிந்ததும், "சுபா அன்னைக்கு அடுப்படியில எங்கிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டார். அப்புறம் போன் கொதிக்க ஆரம்பித்தது. குரல், குரல், குரல். ஏறுகிறது, உடைகிறது, மறுபடி ஏறுகிறது. உதடு இல்லாத வெறும் குரல், தறி ஓடுகிற மாதிரி, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. போனை அழுத்தி அழுத்திக் காது வலித்தது. அப்புறம் அதை எடுத்து அபுவிடம் நீட்டினார்.

"அவ என்ன சொல்றாள்னு கேட்டுச் சொல்லு."

"அண்ணா, வீட்டு விஷயம்…"

"கேளுடா."

அபு கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு வாங்கினான். "அக்கா, நான் அபு பேசறேன். அண்ணன் பக்கத்துலதான் நிக்குறாங்க. நீங்க எங்கிட்டச் சொல்லுங்கக்கா… இல்லக்கா, சொல்லுங்க, காரணமாத்தான்." சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று காலையில் ஒரு முகத்தை இப்படிப் பார்த்துப் பழகியாகிவிட்டது. புருவத்தில் ஒன்றும் அசையவில்லை, முதலில் தாடைதான் இறுகியது. அப்புறம் அவன் கண்ணை அவரிடமிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். "சரிங்கக்கா. சரிங்கக்கா" என்றான். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தான். ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னான்.

"மாப்பிள்ளை கை ஓங்குறாராம்ணா. கல்யாணமான ரெண்டாவது மாசத்துலருந்தே. பாப்பா இனி அங்க போகமாட்டேன்னு சொல்லுச்சாம். இங்கயே இருந்துக்கட்டுமாப்பான்னு உங்ககிட்டக் கேட்டுச்சாம்." நிறுத்தினான். மேலே சொல்லவேண்டுமா என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"நீங்க சிரிச்சீங்களாம்ணா."

போனைத் திருப்பி வாங்கினார். அதைக் காதில் வைக்கவில்லை, பழக்கமில்லாத சாமானைப் பிடிக்கிற மாதிரி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். "ருக்கு, நான் சொல்றதை மட்டும் கேளு. பதில் சொல்லாத, சொன்னா எனக்கு விளங்காது. எனக்குக் காது போயிருச்சு. நெசமாலுமே. நடிக்கல. அவ சொன்னதுல ஒரு சொல்லுகூட எனக்குக் கேக்கல, தண்ணி ஓடுனதுதான் தெரிஞ்சுது." நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியது. "நான் இப்படியே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறுறேன். அவளுக்குப் போன் போட்டுச் சொல்லு. துணிமணி எடுத்து வெக்கச் சொல்லு. நான் வந்ததும் திரும்பி நின்னு எதுவும் பேச வேண்டாம், எம் மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லு."

அதற்கப்புறம் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வந்துகொண்டிருந்தது. அழுகையா வசவா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவள் முடிக்கிறவரை வைக்கக்கூடாது என்று நின்றார்.